தறியில் தெரியும் காயம்

கை உடைந்த நெசவாளர் ஏன் தறிக்குப் போகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவர் நிலைமை அப்படியல்ல. தையல் பிரித்த இடத்தில் முடி வளர்ந்துவிடும். நடப்பார், சாப்பிடுவார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தால் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டார். தலை கனக்கிறது என்பார், எரிந்து விழுவார், சில நாள் காரணமே இல்லாமல் அழுவார். "உடம்பு தேறிடுச்சே, இன்னும் என்ன?" என்று உறவினர் கேட்பார்கள். பிறகு அதே கேள்வியை இன்சூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞரும் கேட்பார்.

ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்ற சேலைகள் ஆரணி நகரில் மட்டும் உருவாவதில்லை. கண்ணமங்கலம் உள்ளிட்ட சுற்றுவட்டார ஊர்களிலும் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்கிறார்கள். அந்த வேலை மூளையிடம் என்ன கேட்கிறது என்று பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும். மிதியை அழுத்திப் பாவைத் திறக்க வேண்டும், நாடாவை ஓட்ட வேண்டும், பலகையை இழுத்து அடிக்க வேண்டும். ஜக்கார்டு அட்டை அடுத்த வரிசைக்கு நகர்ந்ததா என்று கவனிக்க வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. நடுவில் ஒரு பாவு இழை அறுந்தால், அது விழுதின் எந்தக் கண்ணில் நுழைந்து அச்சின் எந்தப் பல்லில் போக வேண்டும் என்று தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அதை முடித்ததும் புட்டாவில் எந்த வரியில் நிறுத்தினோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். ஒரு வரி தவறினால் பூ கோணும், கூலியில் பிடிப்பார்கள்.

நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல் அடிபடும்போது சேதமாவது இதே திறன்கள்தான்: வரிசையை மனதில் வைத்திருப்பது, கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, தடைபட்ட வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்வது, எரிச்சலை அடக்குவது. கையில் வலு குறைந்திருக்காது. விரல்கள் பழைய விரல்கள்தான். அவற்றுக்கு வரிசை சொல்லும் இடம்தான் தடுமாறுகிறது. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரியும், எலும்பு முறிவு தெரியும். மூளைக்குள் நரம்பு இழைகள் பரவலாக அறுபட்டிருந்தால் அது சி.டி.யில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. அதைக் கூடுதலாகக் காட்டும். "ஸ்கேன் நார்மல்" என்று எழுதிய தாள் ஒன்று கோப்பில் இருந்தால், பிறகு வரும் ஒவ்வொரு புகாரையும் அந்த ஒரு தாளே மறுத்துக்கொண்டிருக்கும்.

சட்டம் காயத்துக்கு விலை வைப்பதில்லை. காயத்தால் ஏற்பட்ட இழப்பு எவ்வளவு ஆவணமாகிறதோ அவ்வளவுக்குத்தான் பணம். இந்தியச் சட்டத்தில் தலைக்காயத்துக்குப் போதிய இடம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். நெசவாளரின் இழப்பு அந்த இடத்தை எட்டும் வடிவத்தில் தாளில் ஏறாததுதான் குறை.

கண்ணமங்கலம் வேலூர்–திருவண்ணாமலை நெடுஞ்சாலையில், ஆரணிக்குப் பிரியும் இடத்தில் இருக்கிறது. பாவு வாங்கி வரவும் நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் நெசவாளர்கள் ஆரணிக்கு டூவீலரில்தான் போய்வருகிறார்கள். ஆடி மாதத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் கூட்டமும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் சேரும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்தான் நடந்தன: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். அந்த ஆண்டு நாடு முழுவதும் இறந்த 1,68,491 பேரில் டூவீலரில் போனவர்கள் மட்டும் ஏறக்குறைய 44 சதவீதம். பிழைத்தவர்களில் எத்தனை பேர் மூளைக்காயத்தோடு வீடு திரும்பினார்கள் என்பதற்கு அந்த அறிக்கையில் தனிப் பத்தி கிடையாது.

சிகிச்சை விஷயத்தில் இந்தப் பகுதி கொடுத்துவைத்தது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வரும் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் துறை. அதே சி.எம்.சி. 1966இல் மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அவர். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஒரு லட்சம் ரூபாயாக இருந்த அதன் வரம்பு பின்னர் இரண்டு லட்சமானது. உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இப்படிப் படிப்படியாக முன்னேறியிருக்கிறது. காப்பாற்றப்பட்டவரின் பிழைப்பைக் கணக்கிடும் ஏற்பாடு அதே வேகத்தில் நகரவில்லை.

வழக்கின் பலம் பெரும்பாலும் முதல் இரவிலேயே முடிவாகிவிடுகிறது. அவசரப் பிரிவில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டை எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறது என்பது முதலாவது. "எதிரே வந்த வாகனம் மோதி" என்பதற்கும் "வண்டியிலிருந்து விழுந்து" என்பதற்கும் பல லட்ச ரூபாய் வித்தியாசம். நினைவிழந்தவருக்காக யாரோ ஒரு வழிப்போக்கர் சொன்ன வாசகமாகக்கூட அது இருக்கலாம். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. மது வாடை பற்றிய குறிப்பு இரண்டாவது. மூன்றாவது கிளாஸ்கோ கோமா மதிப்பெண். டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் 1974இல் வகுத்த அளவுகோல் இது. கண் திறப்பது, பேசுவது, உடலை அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 8ம் அதற்குக் கீழும் கடுமையான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 13 முதல் 15 வரை லேசானது. 'லேசானது' என்ற வகைப்பாடு அந்த நேரத்து உயிராபத்தைப் பற்றியது. ஓராண்டு கழித்து அவரால் புட்டா எண்ணி நெய்ய முடியுமா என்பதற்கு அது பதில் சொல்லாது. ஆனாலும் நீதிமன்றத்தில் அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள்.

வழக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 166ஆம் பிரிவில் தொடுக்கப்படுகிறது. விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட வேண்டும் என்றில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னைக்குச் சேலை கொண்டுபோன வழியில் அடிபட்டவர் அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 1994இல் நாடாளுமன்றம் நீக்கிய காலக்கெடுவை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். மூளைக்காயத்துக்கு இந்தக் கெடு சற்றும் பொருந்தாது. ஆறு மாதத்தில் குடும்பம் மருத்துவமனை வாசலை விட்டே நகர்ந்திருக்காது. எது திரும்பும், எது திரும்பாது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லவே ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பர் 7 அன்று அது இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இடைக்கால உத்தரவை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. முதலில் மனுவைப் போட்டுவிட்டு, ஊன மதிப்பீட்டை உடல்நிலை ஒரு நிலைக்கு வந்த பிறகு தாக்கல் செய்வதே நல்லது.

காவல் துறைக்கும் இதில் கடமை உண்டு. 2022 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. காவல் நிலையத்தில் போய் அந்த அறிக்கை அனுப்பப்பட்டதா என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு இருக்கிறது. கேட்கிறவர்கள் குறைவு.

எதிரில் வந்த வாகனத்தின் மீது தவறு இருந்தால்தான் 166ஆம் பிரிவு கைகொடுக்கும். நாய் குறுக்கே வந்து தானே விழுந்தவருக்கு அது இல்லை. வண்டி உரிமையாளராக அவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், 2018க்குப் பிறகு அதன் வரம்பு 15 லட்சம். பின்னால் உட்கார்ந்து போன மனைவியின் நிலை இன்னும் மோசம். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்து, தவறு ஓட்டிய கணவருடையதாக இருந்தால், பின்னிருக்கையில் இருந்தவருக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. ஹெல்மெட் போடாதவர் தலைக்காயத்துக்கு வழக்குப் போட்டால், தொகையில் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்லி எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். மோதியது அரசு பஸ்ஸாக இருந்தால் தீர்ப்பு வந்த பிறகும் ஒரு சுற்று உண்டு. இழப்பீடு கட்டாததால் பஸ் ஜப்தி என்ற செய்தியைத் தமிழ் நாளிதழ் படிக்கிற எவரும் பலமுறை படித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் தாண்டி வழக்கு வந்து நிற்கும் இடம் ஒரு சதவீதம். ஊனம் எத்தனை சதவீதம்? தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. ஊனச் சான்றில் உள்ள சதவீதத்தை ஒரு நிலையான தொகையால் பெருக்கிவிடுவார்கள். ஒரு சதவீதத்துக்கு 1,000 ரூபாய் என்றிருந்தது 2,000, 3,000, 5,000 என்று ஏறி வந்திருக்கிறது. இன்னொரு வழி பெருக்கு எண் முறை. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கி, அதில் சம்பாதிக்கும் திறன் எத்தனை பங்கு போயிற்றோ அத்தனை பங்கைக் கொடுப்பது. அந்த எண்களை 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. சுயதொழில் செய்பவருக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்று 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. 40 வயதுக்குக் கீழ் என்றால் 40 சதவீதம். காயமடைந்து உயிரோடு இருப்பவருக்கும் அது பொருந்தும் என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். 32 வயது நெசவாளர், மாத வருமானம் 12,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் கூட்டினால் 16,800. ஆண்டுக்கு 2,01,600. அவர் வயதுக்குப் பெருக்கு எண் 16. மொத்தம் 32,25,600. மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறது. ஒரு சதவீதத்துக்கு 5,000 என்ற கணக்கில் கிடைப்பது 1,50,000. பெருக்கு எண் முறையில் அதே 30 சதவீதத்துக்கு 9,67,680. அந்த 30 சதவீத மூளைக்காயம் அவருடைய நெசவுத் திறனில் 80 சதவீதத்தைப் பறித்துவிட்டது என்று நிரூபித்தால் 25,80,480. காயம் ஒன்றுதான். சான்றிதழும் ஒன்றுதான். ஒன்றரை லட்சத்துக்கும் இருபத்தைந்தே முக்கால் லட்சத்துக்கும் நடுவே இருப்பது சாட்சியம்.

கடைசிக் கணக்குக்கு வாசலைத் திறந்துவிட்டது 2010 அக்டோபர் 18 அன்று வந்த ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். உடலின் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று அது பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் இழப்பு ஏறக்குறைய முழுமையானது. அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வருமான இழப்பே இல்லாமல் போகலாம். ஆகவே அவர் விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், அந்த வேலை எப்படிப்பட்டது, இப்போது எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைத் தீர்ப்பாயம் தானே ஆராய வேண்டும். எங்கோ வாங்கி வந்த சான்றிதழை அப்படியே ஏற்கக் கூடாது, தேவையானால் மருத்துவக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் அது சொல்லியிருக்கிறது. நெசவாளருக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு வேண்டியதில்லை. ஆனால் 'அந்த வேலை எப்படிப்பட்டது' என்ற கேள்விக்கு மனுவில் எழுதப்படும் பதில் வழக்கமாக இரண்டே சொல்: நெசவுத் தொழில். மிதியும் நாடாவும் ஜக்கார்டு அட்டையும் அறுந்த இழையைத் தேடும் வேலையும் மனுவுக்குள் வருவதே இல்லை.

மூளையைத் தவறவிடும் பட்டியல்கள் நம்மிடம் நிறைய. நெசவாளர்கள் பலரைச் சேர்த்திருக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா முழு ஊனத்துக்கு 2 லட்சம் தருகிறது. அதில் முழு ஊனம் என்றால் இரு கண், இரு கை, இரு கால், அல்லது ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ போவது. எல்லா உறுப்பும் இருந்து ஒரு முழுச் சேலை நெய்ய முடியாதவருக்கு அங்கே வரிசை இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை விரல் கணுக்களைக்கூட எண்ணிச் சதவீதம் போட்டிருந்தது. மூளைக்காயம் அதில் தனியாக இல்லாததால் மருத்துவர் மதிப்பீட்டுக்கு விட வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிடும் 21 வகைகளிலும் விபத்தால் வந்த மூளைக்காயம் தனி வகையாக இடம்பெறவில்லை. பேச்சிழப்பு, கைகால் செயலிழப்பு, மனநோய் என்று வேறு ஏதாவது ஒரு தலைப்பின் கீழ்தான் நுழைய முடியும். மறதியும் சோர்வும் கோபமும் மட்டும் உள்ளவர் எந்தத் தலைப்பின் கீழ் போய் நிற்பார்? அட்டவணைகள் எழுதப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட காயத்தோடு பிழைத்தவர்கள் குறைவு என்பது ஒரு சமாதானம். இன்றைக்கு அது செல்லாது.

சாட்சியம் எங்கிருந்து வரும்? முதலில் நரம்பியல்–உளவியல் சோதனை. கவனம், நினைவு, வேகம், திட்டமிடல் ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்து, அதே வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிடும் சோதனைகள் இவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நம் நாட்டவரை வைத்து இதற்கான சோதனைத் தொகுதியை 2004இல் வெளியிட்டது. பல மணி நேரம் எடுக்கும், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நரம்பியல் அறுவை மருத்துவர் பரிந்துரை எழுதினால் பெரிய மருத்துவமனைகளில் செய்வார்கள். ஊனச் சான்றுக்குப் போகும் முன் இந்த அறிக்கை கையில் இருந்தால் மருத்துவக் குழுவும் வேறு கண்ணோடு பார்க்கும்.

அடுத்தது தறி சொல்லும் சாட்சியம். இதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நெசவாளருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் கூட்டுறவு சங்க உறுப்பினராக இருந்தால் கூலிப் பதிவும், சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்துக்குக் கூலியிலிருந்து பிடித்த தொகையும் சங்கத்தில் இருக்கும். முதலாளியிடம் பாவு வாங்கி நெய்தால் பாவு, ஜரிகை, கொடுத்த சேலை, வாங்கிய முன்பணம் எல்லாம் ஒரு நோட்டில் ஏறியிருக்கும். விபத்துக்கு முன் மாதம் எத்தனை சேலை, பின் எத்தனை, பிழைக்காகப் பிடித்த கூலி எவ்வளவு என்று அந்த நோட்டே ஒப்பிட்டுக் காட்டிவிடும். எழுத்துச் சான்று எதுவுமே இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2008இல் அடிபட்ட ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், வருமானச் சான்று கேட்டு அவரை வதைக்காமல் மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தானே நிர்ணயித்தது. முதலாளியோ மூத்த நெசவாளர் ஒருவரோ கூண்டேறி, இவர் முன்பு என்ன டிசைன் நெய்தார், இப்போது வெறும் உடல் நெசவுக்குக்கூட ஏன் ஆகவில்லை என்று சொன்னால் அது நிபுணர் சாட்சியத்துக்கு இணையானது. கணக்கு வழக்கு வெளியே வருமே என்று முதலாளிகள் தயங்குவார்கள். அழைப்பாணை அனுப்பி வரவழைக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

காயம்பட்டவரையே கூண்டில் ஏற்றுவதில் ஓர் அபாயம் இருக்கிறது. மூளைக்காயத்தின் கொடுமைகளில் ஒன்று, தனக்கு என்ன குறைந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் போவது. குறுக்கு விசாரணை இப்படித்தான் போகும். "உங்க பேரு?" சொல்வார். "எத்தனை பிள்ளைங்க?" சொல்வார். "இங்க எப்படி வந்தீங்க?" "பஸ்ஸில வந்தேன்." "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" "நல்லா இருக்குதுங்க." நான்கு கேள்வியில் வழக்கு பாதி போய்விட்டது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். அந்த பஸ்ஸில் அவரைக் கையைப் பிடித்து ஏற்றியது மனைவி என்பதையும், இறங்கும் ஊரை அவர் மூன்று முறை கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டியவர் மனைவிதான். ஆகவே அவருடைய சாட்சியம்தான் இத்தகைய வழக்கின் நடுத்தூண். அடுப்பை அணைக்க மறந்தது, கடன்காரரிடம் இரண்டு முறை பணம் கொடுத்தது, பிள்ளையைக் காரணமில்லாமல் அடித்தது, இரவில் வலிப்பு வந்தது என்று தேதி போட்டு எழுதி வைத்த ஒரு நாற்பது பக்க நோட்டு, நினைவிலிருந்து சொல்வதைவிடப் பல மடங்கு வலுவானது. வலிப்பு குறிப்பாக முக்கியம். தலைக்காயத்துக்குப் பிந்தைய வலிப்பு மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும்போது வந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. லோக் அதாலத்தில் அவசரமாகச் சமரசம் செய்து கையெழுத்துப் போட்ட பிறகு வலிப்பு வந்தால் அந்தக் கதவு மூடியதுதான்.

நிரூபித்தால் நீதிமன்றங்கள் கேட்கின்றன என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்லலாம். கேரளத்தில் 2001 ஏப்ரலில் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்ற 21 வயது இளைஞர் மீது கார் மோதியது. மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சு போயிற்று. மருத்துவச் சான்று 69 சதவீதம் என்றது. அந்த நிலையில் உள்ளவரால் எந்த வேலையும் செய்து பிழைக்க முடியாது என்பதால் வருமான இழப்பை 100 சதவீதமாகவே கொள்ள வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே இருபது ஆண்டுகள். இரண்டாவது, 2007இல் பெற்றோரோடு டிராக்டரில் போய்க்கொண்டிருந்தபோது லாரி மோதி மூளை சேதமடைந்த ஹரியானாவின் 12 வயதுச் சிறுமியின் வழக்கு. ஒன்பது மாதக் குழந்தையின் நிலையில் அவள் வாழ்நாள் முழுவதும் இருப்பாள் என்றார்கள் மருத்துவர்கள். உயர் நீதிமன்றம் கொடுத்த ஏறத்தாழ 25.78 லட்சத்தை 2020 பிப்ரவரி 5 அன்று நீதிபதி தீபக் குப்தா இடம்பெற்ற அமர்வு 62.27 லட்சமாக உயர்த்தியது. கவனித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்று கணக்கிட்டு, பராமரிப்புச் செலவையும் பெருக்கு எண் 18ஆல் பெருக்கியது அந்தத் தீர்ப்பின் முக்கிய அம்சம். அதுவரை பல வழக்குகளில் பராமரிப்புக்கு ஏதோ ஒரு தொகையைத் தூக்கிக் கொடுத்துவந்தார்கள்.

தொகை வந்த பிறகும் பிரச்சினை ஓயாது. காயம்பட்டவரால் பணத்தைக் கையாள முடியாது என்றால் யார் கையாள்வது? தீர்ப்பாயங்கள் பெரும் பகுதியை வங்கியில் நிரந்தர வைப்பாக வைத்து வட்டியை மட்டும் எடுக்க அனுமதிப்பது நல்ல பழக்கம்தான். 1994இலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு நெறிமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் சுயநினைவில்லாதவரின் பிற சொத்துகளை நிர்வகிக்க மனைவிக்கு அதிகாரம் தரும் தெளிவான சட்டம் நம்மிடம் இல்லை. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வந்தார். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் செலவிட அனுமதி கேட்டார். தனி நீதிபதி அவரை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரைப் பாதுகாவலராக நியமித்து, 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பாக வைக்கச் சொன்னது. இதற்கே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 2005 முதல், இத்தகைய வழக்குகளில் ஒரே தொகையாகக் கொடுப்பதற்குப் பதில் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் கொடுக்கும்படி நீதிமன்றமே உத்தரவிடலாம். நியூசிலாந்து 1974இல் யார் தவறு என்ற கேள்வியையே விட்டுவிட்டு, எல்லா விபத்துக் காயங்களுக்கும் பொது நிதியிலிருந்து சிகிச்சையும் வருமானமும் தரும் முறைக்கு மாறியது. நம் தீர்ப்பாயங்கள் ஒரு நாளில் ஒரு தொகையைச் சொல்லி முடிக்கின்றன. முப்பது வருடம் வாழப்போகிறவருக்கு அது போதுமா என்று மறுபடி பார்க்க வழியில்லை.

ஒவ்வொரு மனுவிலும் நான் பார்க்க விரும்பியும், அரிதாகவே எழுதப்படும் இழப்பு இன்னும் ஒன்று உண்டு. வீட்டுத் தறி ஒருவர் உழைப்பில் ஓடுவதில்லை. தார் சுற்றுவது, அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பது, பாவு பிணைக்கும்போது உடன் நிற்பது, பல வீடுகளில் பாதி நேரம் தறியிலேயே உட்கார்வது என்று மனைவியின் வேலையும் சேர்ந்ததுதான் அந்தக் கூலி. அது கணவர் பெயரில் வருகிறது. அவர் அடிபட்டதும் இரண்டு பேர் வேலையும் நிற்கிறது, ஏனென்றால் இனி அவரைப் பார்த்துக்கொள்வதே மனைவியின் முழுநேர வேலை. பராமரிப்பாளர் கூலி என்ற தலைப்பில் கேட்பது ஒன்று. மனைவி இழந்த நெசவு வருமானம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து "கணவரை மனைவி பார்த்துக்கொள்வது இயல்புதானே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஹரியானாச் சிறுமி வழக்கின் 2020 தீர்ப்புக்குப் பிறகு அந்த வாதத்துக்கு வலு இல்லை. மனுவைத் தயாரிக்கும்போதே அவர் செய்துவந்த வேலையைத் தனிப் பத்தியாக எழுதி, அவரையும் சாட்சியாக விசாரிக்க வேண்டும். பாவு ஏற்றிய தேதியும் அறுத்து இறக்கிய தேதியும் முதலாளி நோட்டிலேயே இருக்கின்றன. விபத்துக்கு முன் ஒரு பாவு முடிய எத்தனை நாள் ஆயிற்று, பின்பு எத்தனை நாள் ஆகிறது என்ற அந்தப் பக்கங்களின் நகலை மனுவோடு இணைக்க எந்தத் தடையும் இல்லை.